யாரும் காணாத வேளையில்

பெரிய நூல்களைப் படிக்கப் பொழுதில்லை என்று குறைப்படும் அன்பர்கள் பலர். அவர்களுக்காகவே இத்திங்கள் சிறியவற்றை எடுத்துக்கொண்டோம். நெல்லையில் பாபநாசம் பேருந்தில் ஏறி அமர்ந்தால், அம்பாசமுத்திரம் வருமுன் ஒன்றைப் படித்து முடித்துவிடலாம். ஆயினும் அவை மனத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை.

முதலாவது, பிள்ளைகள் கையில் கண்டால் பெற்றோர் பறித்து வைக்கும் வகையைச் சேர்ந்த சித்திரக் கதை. 1962-ல் இங்கிலாந்தில் தோன்றிய இவ்வறிவியற் கற்பனை, 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக, 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் நாயகன் மறைந்து போகிறான். இரும்புக் கை மட்டுமே தெரிகிறது. தன்னை எவரும் காண இயலாது என்று அறிந்ததும் அவன் முதலில் நாடியது குற்றத்தையே. நல்வழிக்குத் திரும்பியது பின்னர்தான்.

அடுத்தது சோற்றைப் பற்றிய கதை. ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் (2011) உள்ள 'சோற்றுக்கணக்கு'. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக் கடையில் பணம் கேட்பாரில்லை. உண்டவர் மனம் போல் உண்டியலில் இடலாம், இடாமலும் போகலாம். சாகிப் அப்பக்கம் திரும்பியும் பாரார். அங்கே பசியாறிப் படித்த ஏழை மாணவன், வேலை கிடைத்த பின் தன் கடனைத் தீர்க்க முயல்வதே கதை. மாயாவி தவறிய இடத்தில் இம்மாணவன் நிமிர்ந்து நிற்கிறான்.

நம் நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நகைச்சுவை மிக்கது. சென்னைக்கு வந்த கடவுளோடு காப்பி அருந்துகிறார் பிள்ளை. வந்தவர் கடவுள் என்று தெரிந்த பின்னும், அவர் தம் போக்கைச் சற்றும் மாற்றிக்கொள்வதில்லை. பார்ப்பவருக்காக வேடமிடாத மனிதர்!

இறுதியாக, நெல்லையில் பிறந்த வண்ணநிலவனின் 'எஸ்தர்'. பஞ்சத்தால் ஊரை விட்டுப் புறப்பட வேண்டிய கிறிஸ்தவக் குடும்பம். உடன்வர இயலாத முதிய பாட்டி. ஓரிரவில் பாட்டி இறந்து போகிறாள். அவ்விரவில் எஸ்தர் செய்தது என்ன என்பதை ஆசிரியர் உரக்கச் சொல்வதில்லை. அவளைக் குற்றவாளி என்று தள்ளவும் நம்மால் இயலவில்லை. குற்றமே இல்லை என்று கடந்துவிடவும் இயலவில்லை. இக்கதையைப் பெரியவர்கள் மட்டும் படிப்பது நலம்.

யாரும் காணாத வேளையில் மனிதன் யார்? நான்கும் வெவ்வேறு விதமாய் இதையே கேட்கின்றன. ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளின் சித்திரக் கதையைப் பறிக்காதீர். ஒருநாள் உடன் அமர்ந்து படியுங்கள். "நீ கண்ணுக்குத் தெரியாமல் போனால் முதலில் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். ஆனால் அவர்கள் விடை சொல்லுமுன், உங்கள் விடையை உண்மையாய்ச் சொல்லிவிடுங்கள்.