கோல் போட்டால்தான் டிஃபெண்டர் கண்ணுக்குத் தெரிவாரா?

நம்ம கிளாஸில் ஃபுட்பால் பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி. ஓசூரில் அது இயற்கைதான். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் இங்கிருந்து 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி டிராஃபிக் மனசு வைத்தால் சாயங்காலம் கிளம்பி மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரியே வந்துவிடலாம். சென்னை 300 கிலோமீட்டர், ஆனால் ரேஷன் கார்டு அந்தப் பக்கத்துது :) அதனால் பாதிப் பேர் பெங்களூரு எஃப்.சி., பாதிப் பேர் சென்னையின் எஃப்.சி. எந்தக் கோஷ்டியாக இருந்தாலும் சண்டை ஃபார்வர்ட்களைப் பற்றித்தான். ஒரு டிஃபெண்டர் பேரைச் சொல்லி யாரும் சட்டையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நம்ம ரெண்டு கோஷ்டியின் பெரிய சந்தோஷங்களும் டிஃபெண்டர்கள் கொடுத்ததுதான். 2018 மார்ச் 17, கண்டீரவாவில் ஐ.எஸ்.எல். ஃபைனல். சென்னையின் 3-2 என்று ஜெயித்தது. அதில் ரெண்டு கோல் மெயில்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் சென்டர் பேக் அடித்தது, ரெண்டுமே கார்னரில் இருந்து தலையால். சரியாக ஒரு வருஷம் கழித்து 2019 மார்ச் 17, மும்பையில் அடுத்த ஃபைனல். பெங்களூருவும் கோவாவும் 0-0. எக்ஸ்ட்ரா டைமும் முடியப்போகிறது. 117-வது நிமிஷம் கார்னர், ராகுல் பேக்கே தலையை வைத்தார், கோப்பை பெங்களூருவுக்கு. அதற்கு எட்டு நாள் முன்னால்தான் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி ஐ-லீக்கை ஜெயித்திருந்தது. அந்தக் கடைசி மேட்சில் மினர்வாவுக்கு எதிராக ரெண்டு கோல் போட்ட கௌரவ் போராவும் டிஃபெண்டர்தான்.

"அப்புறம் என்னடா, டிஃபெண்டர்களை ஞாபகம் வைத்திருக்கிறோமே" என்பீர்கள். அங்கேதான் எனக்கு எரிச்சல். அவர்கள் எந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்களோ அதற்காக இல்லை, பக்கத்து டிபார்ட்மென்ட் வேலையை ஒரு நாள் செய்துகொடுத்ததற்காக ஞாபகம் வைத்திருக்கிறோம்.

பேக்கேவையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைப் பையன், 1990-ல் பிறந்தவர். மும்பை எஃப்.சி., ஈஸ்ட் பெங்கால், நடுவில் கேரளா பிளாஸ்டர்ஸ், புனே சிட்டி என்று சுற்றிவிட்டு 2017-ல் பெங்களூரு வந்தார். ரைட் பேக் வேண்டுமா ரைட் பேக், சென்டர் பேக் வேண்டுமா சென்டர் பேக். அந்த 2019 ஃபைனலில் எதிரே நின்றது யார்? சீசனில் 16 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கிய கோரோவை வைத்திருந்த கோவா. செமிஃபைனலில் மும்பையை 5-1 என்று புரட்டிவிட்டு வந்த டீம். அந்த டீம் 120 நிமிஷம் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம் அந்த பூஜ்யம்தான். யூட்யூபில் தேடிப் பாருங்கள், கிடைப்பது அந்த ஒரு ஹெடர்.

பூஜ்யத்தை எப்படி வீடியோ எடுப்பது என்பதும் நியாயமான கேள்விதான். ஸ்ட்ரைக்கர் திரும்புவதற்கு முன்னால் அரை அடி தள்ளி நிற்பது, அவருக்கு வராத காலின் பக்கமே அவரை ஓட்டிக்கொண்டு போவது, நாலு பேரும் ஒரே கோடாக மேலே ஏறுவது, இதெல்லாம் கேமராவில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நாலு பேரில் ஒருத்தர் ஒரு எட்டு பின்தங்கினால் ஆஃப்சைட் பொறி மொத்தமும் போச்சு. அப்போதுதான் டிஃபெண்டர் பேர் கமென்டரியில் வரும், திட்டோடு. பாய்ந்து விழுந்து காலை நீட்டும் டேக்கிளுக்குக் கை தட்டுகிறோமே, அது பாதி நேரம் முன்னாடி நின்ற இடம் தப்பாகப் போனதற்கு ஒட்டுப்போடும் வேலை. எங்க சித்தப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். மெஷின் நின்றால்தான் அவர் பேரை மைக்கில் கூப்பிடுவார்களாம். ஒரு மாசம் முழுக்க நிற்காமல் ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்களாம். கிட்டத்தட்ட அதே கதை.

இது இன்றைக்கு வந்த வியாதியும் இல்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியது. நம்ம நாட்டின் தலைசிறந்த டிஃபெண்டர் என்று சொல்லப்படும் ஜர்னைல் சிங்கைப் பற்றிக் கேட்டால் அந்த ஃபைனலைத்தான் சொல்வார்கள். தலையில் தையலோடு, ஃபார்வர்டாக ஆடி, கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டார் என்று. உலக லெவலிலும் அப்படித்தான். பாலன் டி'ஓர் கடைசியாக வாங்கிய டிஃபெண்டர் 2006-ல் கன்னவாரோ. 2019-ல் வான் டைக் மெஸ்ஸியிடம் ஏழே புள்ளியில் தோற்றார். ஐ.எஸ்.எல்-லில் 2018-19 கோல்டன் கிளவ் பெங்களூரு கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்துவுக்குப் போனது. தப்பில்லை, நல்ல கீப்பர். ஆனால் அவருக்கு முன்னால் நின்ற நாலு பேருக்கு?

கார்னருக்கு ஏறிப்போவதும் டிஃபெண்டர் வேலைதானே என்று ஒருத்தன் கேட்டான். சரி, திட்டத்தில் உண்டு. பேக்கே அதில் கெட்டிக்காரரும்கூட. 2022 ஏப்ரலில் ரியாத்தில் மும்பை சிட்டி ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பை 2-1 என்று ஜெயித்தபோது வெற்றி கோல் அவருடையது. ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் இந்திய கிளப்பின் முதல் வெற்றி அது. (2016 ஏ.எஃப்.சி. கோப்பை ஃபைனலில் பெங்களூருவை 1-0 என்று தோற்கடித்ததும் இதே ஏர் ஃபோர்ஸ்தான். பழி தீர்ந்தது!) 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக இந்தியாவுக்கும் அடித்தார், 34 வயதில்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். இந்திய சீனியர் டீமில் அவர் முதலில் ஆடியது 2019 ஜூனில், கிங்ஸ் கப்பில். அப்போது வயது 28. ஃபைனல் கோல் போட்டு மூன்றே மாதம். அந்த கோல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மே மாதம்தான் இகோர் ஸ்டிமாச் கோச்சாக வந்தார். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷியாவின் டிஃபெண்டர் அவர். ஒரு டிஃபெண்டரின் அருமை இன்னொரு டிஃபெண்டருக்குத் தெரிந்திருக்கலாம். எல்லா ஊர் கோச்சும் அப்படி இருப்பதில்லை என்பதுதான் பிரச்சனை.

இதை எழுதுவதற்கு நம்ம ராயக்கோட்டைக்காரன்தான் காரணம். யாரென்று உங்களுக்குத் தெரியும், நம்ம லெஃப்ட் பேக். போன மாதம் ஒரு செலக்‌ஷன் ட்ரையலுக்குப் போனான். 20 நிமிஷம் ஆட விட்டார்கள். அவன் பக்கம் பந்தே வரவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் போனால் வேலைக்கு ஆகாது என்று எதிர் டீமுக்கு முதல் அஞ்சு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நோட்டில் எழுத ஒன்றுமில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக ஃபார்வர்ட் ஆடப் போகிறானாம். மச்சான், நீ ஷூட் பண்ணும் லட்சணம் எனக்குத் தெரியும். வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு நான் ஒரு நோட்டு கொண்டுவருகிறேன். அவன் பக்கம் எத்தனை தடவை வந்தார்கள், எத்தனை தடவை பந்தைப் பின்னாடி தட்டிவிட்டுப் போனார்கள், ரெண்டு கட்டம் போதும். ஸ்கோர் எழுத வேறு யாராவது வாங்க.