சூரியநெல்லி மூட்டையும் பரவலாக்கப்பட்ட செயலியும்

கணினியியல் துறைகளில் மாணவர்கள் முன்வைக்கும் திட்டங்களில் ஒருவகை இப்போது அடிக்கடி தென்படுகிறது: விளைபொருளின் பிறப்பிடத்தைப் பிளாக்செயினில் பதியும் செயலி. ஏலக்காய், காப்பி, மஞ்சள், மீன் எனப் பொருள்தான் மாறும், வரைபடம் மாறாது. இடப்புறம் உழவர், வலப்புறம் நுகர்வோர், நடுவே சங்கிலி. அரசு நிறுவனங்களும் இவ்வழியில் இறங்கியிருக்கின்றன. 2019 மார்ச்சில் காப்பி வாரியம் பிளாக்செயின் சந்தையொன்றைச் சோதனையாகத் தொடங்கியது. 2021இல் நறுமணப் பொருள் வாரியம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்துடன் ஒப்பந்தம் செய்து ஆந்திர மிளகாயையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்தது. கருத்தில் குறையில்லை. அந்த வரைபடத்தை ஏலமலையில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் ஊராட்சியில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கிறது சூரியநெல்லி. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் ஏலம். இப்பகுதியின் ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கத் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் மலையேறி வருகிறார்கள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ கிடைக்கும். உலர்த்தி, தேய்த்து, சலித்த பிறகு மூட்டை புற்றடிக்கோ போடிநாயக்கனூருக்கோ செல்கிறது. அங்கே வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் பருமன், நிறம், லிட்டர் எடை பார்த்து விலை முடிவாகிறது. வெவ்வேறு தோட்டத்துக் காய்கள் வணிகரின் கிடங்கில் ஒன்றாகக் கொட்டப்பட்டு மறுபடி தரம் பிரிக்கப்படும் கணத்தில், பிறப்பிடம் என்ற சொல் தன் பொருளை இழந்துவிடுகிறது.

விவசாயிகளின் நெடுநாள் குறை ஒன்றும் உண்டு. ஏலத்தில் விற்ற சரக்கே மீண்டும் ஏலத்துக்கு வருகிறது. வரத்து மிகையாகத் தோன்றி விலை சரிகிறது. ‘ரீபூலிங்’ என்று அங்கே இதற்குப் பெயர். படித்தவுடன் மாணவருக்கு 2008ஆம் ஆண்டின் பிட்காயின் கட்டுரை நினைவுக்கு வரும். ஒரே நாணயத்தை இருமுறை செலவிடுவதைத் தடுப்பதுதான் அக்கட்டுரையின் மையக் கேள்வி. இரண்டும் ஒன்றெனத் தோன்றுவது இயல்பு, ஆனால் ஒன்றல்ல. பிட்காயின் பதிவேட்டுக்கு வெளியே இருப்பதில்லை. ஆகவே பதிவேடு சரியென்றால் நாணயமும் சரி. ஏலக்காய் சாக்குக்குள் இருக்கிறது. சாக்கை மாற்றிக் கட்டினால் சங்கிலிக்குத் தெரியாது. எடைமேடையில் எண்ணைத் தட்டச்சு செய்பவர் எழுதியதைத்தான் அது என்றென்றும் காக்கும். பொய்யை எழுதினால் பொய்யையும் அதே உறுதியோடு காக்கும்.

இன்னொரு கேள்வியைத் திட்ட அறிக்கைகள் எளிதாகத் தாண்டிவிடுகின்றன. ஏல மையம், வணிகர் உரிமம் ஆகிய இரண்டும் ஒரே வாரியத்தின் கீழ் இருக்கின்றன. ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் கொடுத்து, விற்ற எண் திரும்பி வந்தால் மறுப்பதற்குச் சாதாரணத் தரவுத்தளமே போதும். பதிவேட்டை வைத்திருப்பவர் மீதே நம்பிக்கை இல்லாதபோதுதான் பலர் கூடிக் காக்கும் ஏடு தேவைப்படுகிறது. அந்த அவநம்பிக்கை இருக்கிறதா, யாருக்கு யார்மேல் என்பதைக் களத்தில் கேட்டறியாமல் ‘நம்பிக்கை தேவைப்படாத அமைப்பு’ என்று முன்னுரையில் எழுதுவது ஆய்வாகாது.

செயலியைக் கட்டி வெளியிடுவது இன்று அரிய கலையல்ல. சாலிடிட்டி மொழியில் ஒப்பந்தம் எழுதி, எத்தீரியத்தின் செபோலியா சோதனை வலையில் ஓட்டிப் பார்த்து, முதன்மை வலையில் ஏற்றி, முகப்புப் பக்கத்தை ஐ.பி.எஃப்.எஸ். கோப்பு வலையில் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அக்கோப்பைத் தம் கணினியில் தக்கவைக்க ஒருவரும் இல்லையெனில் அது ஒருநாள் கிடைக்காமல் போகும். மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அதைத் தக்கவைப்பவர் யார்? பெரும்பாலான செயலிகள் சங்கிலியை நேரடியாக அணுகுவதுமில்லை. இடையில் ஒரு நிறுவனத்தின் வழங்கி நிற்கிறது. 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபியூரா என்ற அத்தகைய சேவை தடைபட்டபோது, சங்கிலி ஓடிக்கொண்டிருந்தும் மெட்டாமாஸ்க் பணப்பை பயன்படுத்தியோர் பலர் தவித்தனர். ஒப்பந்தத்தில் பிழை நேர்ந்தால் திருத்துவதும் எளிதன்று. 2016இல் ‘தி டாவோ’ ஒப்பந்தத்தின் ஓட்டை வழியே ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தர் வெளியேறியபோது, அதை மீட்க வலையையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது. மாற்றவே முடியாதது என்ற வாக்குறுதிக்கு அப்போதே விதிவிலக்கு எழுதப்பட்டுவிட்டது.

சூரியநெல்லிக்காரர் ஒருவர் இச்செயலியைத் திறந்தால் முதலில் பணப்பை கேட்கும். பிறகு 12 அல்லது 24 சொற்களை எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லும். பிப்-39 எனும் அத்தரத்தின் சொற்பட்டியல்கள் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், செக் உட்படப் பல மொழிகளில் உண்டு. தமிழிலோ மலையாளத்திலோ ஏன், எந்த இந்திய மொழியிலுமே இல்லை. சொற்கள் தொலைந்தால் கணக்கும் தொலைந்தது. முறையிட அலுவலகம் கிடையாது. பட்டா நகலுக்காகப் பலமுறை மலையிறங்கிய குடும்பத்திடம் இதை விடுதலை என்று விளக்குவது கடினம்.

வெளிப்படைத்தன்மையும் எல்லார்க்கும் ஒரே பயனைத் தருவதில்லை. சிறு தோட்டக்காரர் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கையிருப்பு வைத்திருக்கிறார் என்பது பொது ஏட்டில் தெரிந்தால், அதைப் படித்துப் பயன்படுத்தக்கூடியவர் கணினியும் ஆளும் வைத்திருக்கும் பெருவணிகர்தான். அவருடைய கிடங்கு இருப்பு அந்த ஏட்டில் வராது.

இத்தனைக்கும் நடுவே, அவநம்பிக்கை உண்மையில் எழக்கூடிய இடம் ஒன்று விடுபட்டுப்போகிறது. ஜீப்பில் வரும் பெண்ணின் வேலைநாளும் அவர் எடுத்த காயின் எடையும் தோட்டத்துக் கணக்கில்தான் ஏறுகின்றன. அந்த நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. இருதரப்பும் வைத்திருக்க வேண்டிய பதிவு, ஒருவர் மாற்றினால் மற்றவருக்குத் தெரியவேண்டிய பதிவு என்று பாடநூல் சொல்லும் இலக்கணம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. விவசாயி, வணிகர், ஏற்றுமதியாளர், நுகர்வோர் என நீளும் வரைபடத்தில் அவருக்கென ஒரு கட்டம்கூட வரையப்படுவதில்லை. வரைந்தால் சங்கிலியும் டோக்கனும் தேவைப்படாமல் போகலாம். அன்றன்றைக்கு எடை போட்டவுடன் அவர் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி சென்றாலே நோட்டுக்கு இரண்டாம் படி கிடைத்துவிடும். அப்படி முடியும் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளத் துறைகள் அணியமாக இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி.