மகனுக்கு மீசை அரும்புகிறது

பெண்பிள்ளை ஒருத்தி பெரியபிள்ளையானால் எங்கள் ஊர்களில் அன்றைக்கே அயலெல்லாம் தெரிந்துவிடும். மாமி தண்ணீர் வார்ப்பார், ஆலாத்தி எடுப்பார்கள், வசதி இருந்தால் மண்டபமும் வீடியோவும். இந்த ஆடம்பரம் தேவைதானா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதை வேறொரு மாதம் பேசுவோம். ஆனால் அந்தச் சடங்கில் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது. பிள்ளையின் உடம்பு மாறிவிட்டது என்பதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அவளைப் பக்கத்தில் இருத்திச் சில விடயங்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆண்பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. குரல் உடைகிறது. மேலுதட்டில் பூனைமயிர் கறுக்கிறது. ஒருநாள் கிணற்றடியில் தகப்பன் தன் றேசரை நீட்டி, "இஞ்ச வா, இப்பிடிப் பிடி" என்கிறார். அவ்வளவுதான். பழைய ரோமாபுரியில் இதையும் ஒரு சடங்காகக் கொண்டாடினார்களாம். நீரோ மன்னன் தான் முதன்முதலில் வழித்த தாடியை முத்துப் பதித்த பொற்பேழையில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தான் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குப் பொற்பேழை வேண்டாம். "இஞ்ச வா" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

2009ஆம் ஆண்டு தாயின் வயிற்றிலும் இடுப்பிலும் இருந்தபடி முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவர்களில் பலருக்குத் தகப்பன் இல்லை. நான் போகும் வீடுகளில் தாய்மார் அரிசி விலையைப் பற்றிப் பேசுவார்கள், நுண்கடன் தவணையைப் பற்றிப் பேசுவார்கள். இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். வெட்கம் ஒன்று. இன்னொன்று, அது தங்களுடைய வேலை இல்லை என்ற எண்ணம்.

என் தம்பிக்கு முதன்முதலில் முகம் வழித்தவர் எங்கள் அம்மாதான். 2009 மார்ச் மாதம், மாத்தளனில், பதுங்குகுழிக்குள். எனக்கு அப்போது 17 வயது, அவனுக்கு 14. அரிசி தேடிப் போன அப்பா திரும்பி வராமல் சில நாட்கள் கழிந்திருந்தன. தம்பி வயதுக்கு மிஞ்சிய உயரம். அதோடு மேலுதட்டில் கறுப்பும் விழத் தொடங்கியிருந்தது. அந்த நாட்களில் ஒரு பையன் மூத்தவனாகத் தெரிவது எவ்வளவு ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்ற வீடுகளில் பிள்ளையைப் பெரியவனாகப் பார்க்க ஆசைப்பட்டு றேசரைக் கொடுப்பார்கள். அம்மா அவனைச் சின்னவனாகக் காட்டுவதற்காக எடுத்தார்.

அப்பாவின் றேசர் பழைய இரும்பு றேசர். பிடியைத் திருகினால் மேல்மூடி கழன்று வரும், உள்ளே பிளேட் வைக்கலாம். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பாத்திரம் பண்டம், ஆடு, சைக்கிள் என்று ஒவ்வொன்றாக விட்டு வந்தோம். பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்த அந்த றேசர் மட்டும் உடுப்புப் பையோடு கூடவே வந்துவிட்டது. சவர்க்காரம் இல்லை. ஒரு சிரட்டைத் தண்ணீரில் முகத்தை நனைத்து, அம்மா அவனுடைய தாடையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அவருடைய கை நடுங்கவில்லை. தம்பிதான் நடுங்கினான். நான் ரோச் லைற் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வழித்தால் மயிர் இன்னும் தடித்து வளரும் என்பதை அம்மா உறுதியாக நம்பியவர். "அடுத்த மாதம் கத்தையாய் வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டேதான் வழித்தார். அடுத்த மாதத்தைப் பற்றிக் கவலைப்பட அப்போது நேரம் இருக்கவில்லை. நாலு நாளுக்கு ஒருமுறை இது நடந்தது. ஒவ்வொரு முறையும் றேசரைக் கழுவித் துடைத்து, அப்பா வைக்கிற மாதிரியே மூடி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பெட்டிக்குள் வைப்பார்.

ஏப்ரலில் வெளியே வந்து செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்குப் போனோம். அங்கே கூடாரத்துக்குக் கூடாரம் முகம் பார்க்கலாம். தாய் மகனுக்கு முகம் வழிப்பதைக் கண்டு மற்றப் பையன்கள் சிரித்தார்கள். தம்பி கன்னத்தைக் கொடுக்க மறுத்துவிட்டான். இரண்டு மாதம் பூனைமயிரோடு திரிந்தான். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார், தன் பிள்ளைகளையெல்லாம் இழந்தவர். ஒருநாள் தண்ணீர்த் தாங்கியடியில் அவனைக் கூப்பிட்டு, தான் வழிப்பதைப் பார்க்கச் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். தான் பாதிக் கன்னம் வழித்தார், இவன் தன் பாதிக் கன்னத்தை வழித்தான். தம்பி திரும்பி வந்தபோது அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்: "றேசரைத் துலைச்சுப் போடாத, அப்பா வந்தாக் கேப்பார்."

தம்பிக்கு இப்போது 30 தாண்டிவிட்டது. கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் றேசரால்தான் முகம் வழிக்கிறான். இரும்பு றேசர் அம்மாவிடம் இருக்கிறது. துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருக்கிறார்.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர். அதிலிருந்து வளர்ந்த ஒரு கருத்தை "தெளிவற்ற இழப்பு" என்று சொல்லலாம். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் அவருடைய இடம் வீட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு யாரும் இருக்கவும் முடியாது, அதை எடுத்துவிடவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சவர்க்காரப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

இந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில் அதையே கண்டேன். பையனுக்கு 16 வயது. தாடி பரவலாக வளர்ந்திருந்தது. பாடசாலையில் இரண்டு தடவை எச்சரித்து, மூன்றாம் தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை மூன்று கிழமையாக வீட்டில். தாயிடம் கேட்டேன். முதலில் காசில்லை என்றார். பிறகு சலூன் தூரம் என்றார். கடைசியில்தான் உண்மை வந்தது. "தேப்பன் வந்து செய்யிற வேலையப்பா இது. நான் செய்தா அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ."

இந்தப் பதிலை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியாது. இறப்புச் சான்றிதழ் வாங்க மறுத்த எத்தனையோ மனைவிமாரை எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெற 2016ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதாமலே வீட்டு அலுவல்கள் சிலவற்றைப் பார்க்கலாம். ஒரு சட்டத்துக்கே அது விளங்கியிருக்கிறது. அந்தத் தாயிடம் நான் கேட்டதும் அதுதான்: "அக்கா, காணி அலுவலுக்கு நீங்கள் போறதில்லையா? கூரை மேய்ஞ்சது ஆர்? அதுகளும் அவர் வந்து செய்யவேண்டிய வேலைதானே?" அவர் பதில் சொல்லவில்லை. மாதாந்தச் சந்திப்புக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தார்.

அங்கே இந்தக் கதையை எடுத்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமனைக் கூப்பிடு என்றார் ஒருவர். சலூனில் விட்டால் முடிந்தது என்றார் இன்னொருவர். (ஒரு காலத்தில் வீடுவீடாக வந்து சவரம் செய்தவர்களைக் குடிமை என்று கட்டிவைத்து, முற்றத்துக்கு மேலே ஏறவிடாமல் வைத்திருந்த சமூகம் நாங்கள். அவர்களுடைய பிள்ளைகள் கடை போட்டு, காசு வாங்கித் தொழில் செய்வது நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கிராமத்திலிருந்து சலூனுக்கு 7 கிலோமீற்றர்.)

அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பினார். அவருடைய கணவருக்கு 2008இல் கழுத்து முள்ளெலும்பில் காயம், கைகளும் வழங்காது. "நான் பதினாறு வருசத்துக்கு மேல அவருக்கு முகம் வழிக்கிறன். இதில என்ன கிடக்கு, நான் காட்டித் தாறன்" என்றார். அதுவரை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் வாய் திறக்காதவர். அன்று அரைமணி நேரம் அவர்தான் ஆசிரியர்.

குளித்த கையோடு வழிக்க வேண்டும், அப்போதுதான் மயிர் ஊறி மெதுவாக இருக்கும். சவர்க்காரத்தை நன்றாக நுரைக்க வைத்துப் பூசி, கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே றேசரை இழுக்க வேண்டும், அமத்தக் கூடாது. கழுத்தில் மயிர் பக்கவாட்டாகவும் வளரும், ஆகவே முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பருக்கள் மேல் றேசரை ஓட்டக் கூடாது. முடிந்ததும் பச்சைத் தண்ணீர், கீறினால் படிகாரம். இவ்வளவையும் தன் முழங்கையிலேயே தடவிக் காட்டிச் சொன்னார்.

நான் இரண்டு விடயம் மட்டும் சேர்த்தேன். ஒருவர் பாவித்த பிளேட்டை மற்றவர் பாவிக்கக் கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியாலும் செங்கண்மாரியை உண்டாக்கும் சில கிருமிகள் தொற்றும், எச்.ஐ.வி.யும் தொற்றலாம். அடுத்தது, வழித்தால் தடித்து வளரும் என்ற பயம். மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற பெண் விஞ்ஞானி 1928ஆம் ஆண்டிலேயே இதை அளந்து பார்த்து, அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதை இந்தப் பத்தி வெளிவரும் முன்பே அம்மாவிடமும் சொன்னேன். நம்பவில்லை.

"மகன் தாயிட்டப் பழக வெக்கப்படுவானே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் தம்பியும் வெட்கப்பட்டவன்தான். பின்வரிசை அம்மா சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "அவன்ர முகத்தை நீங்கள் வழிக்க வேண்டாம். கண்ணாடியை அவன்ர கையில குடுத்திட்டு, வாயால சொல்லிப்போட்டு அங்கால போங்கோ."

போகும்போது அந்த முல்லைத்தீவுத் தாய், வீட்டில் கணவருடைய றேசர் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அது உங்கள் விருப்பம், ஆனால் பிளேட் புதிது போடுங்கள் என்றேன்.

நாலு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தார். மகன் திங்கட்கிழமை பாடசாலைக்குப் போய்விட்டானாம். நாடியில் இரண்டு இடத்தில் கீறல். கடையில் 100 ரூபாவுக்குள் ஒரு பிளாஸ்ரிக் றேசர் வாங்கிக் கொடுத்தாராம். அவருடையதை எடுக்கவில்லை என்றார்.