அந்த ராஜினாமா கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க!

தோழர்களே, இன்ஜினியரிங்ல 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' படிச்சது ஞாபகம் இருக்கா? முந்தின நாள் ராத்திரி மட்டும் படிச்சு பாஸ் பண்ணோமே, அதேதான். அதுல மனிதவள மேலாண்மைனு ஒரு பகுதி. ஆள் எடுக்கறது, பயிற்சி கொடுக்கறது, வேலையை மதிப்பிடறது, கேரியர் பிளானிங்... எல்லாம் இருந்துச்சு. ஆளை வெளியே அனுப்பும்போது எப்படி நடந்துக்கணும்னு மட்டும் நான் படிச்சதுல இல்ல. அந்தப் பாடத்தை ஓஎம்ஆர் மீட்டிங் ரூம்லதான் நம்ம பசங்க கத்துக்கறாங்க.

நானும் அங்கதான் கத்துக்கிட்டேன். மூணு வருஷம் வேலை பார்த்த கம்பெனி. மதியம் சாப்பிட்டு வந்தா காலண்டர்ல பதினஞ்சு நிமிஷ மீட்டிங். உள்ளே மேனேஜரும் ஹெச்ஆரும். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும். இல்லன்னா டெர்மினேஷன். அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவீங்க."

வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன்னு கேட்டேன். விடல. கையெழுத்துப் போட்டேன். 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்'னு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த அதே ஹெச்ஆர்!

ஏன் அவ்வளவு அவசரம்? கணக்கைப் பாருங்க.

கம்பெனி தன் தேவைக்காக ஆளை அனுப்பினா அதுக்குப் பேர் ஆட்குறைப்பு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாச நோட்டீஸ், இல்லன்னா ஒரு மாச சம்பளம் தரணும். கூடவே, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். தொழில் தகராறு சட்டத்துல இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவு சட்டத்தொகுப்புலயும் இருக்கு. மாசம் 40,000 வாங்கினவர், மூணு வருஷம்னா கிட்டத்தட்ட ஒரு லட்சம். நீங்களே ரிசைன் பண்ணதா எழுதிக் கொடுத்துட்டா? பேப்பர்ல ஆட்குறைப்பே நடக்கல. அந்த இழப்பீடு பூஜ்யம்!

"ஐடிக்கு லேபர் சட்டமெல்லாம் கிடையாது"ம்பாங்க. பொய். ஐடி கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கமும் வைக்கலாம்னு 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திடுச்சு. "நீ டீம் லீட், தொழிலாளி இல்ல"ன்னும் சொல்வாங்க. ஐடி கார்டுல என்ன பட்டம் போட்டிருக்குங்கறது முக்கியமில்ல, நீங்க உண்மையில என்ன வேலை பார்க்கறீங்கன்னுதான் சட்டம் பார்க்கும். உட்கார்ந்து கோட் எழுதறவன் எப்படிங்க மேனேஜர் ஆவான்?

ஒன்றிய அரசைப் பத்தியும் சொல்லணும். தொழிற்சாலைகள்ல 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேணும்னு இருந்ததை 300 ஆக்கினது இதே சட்டத்தொகுப்புதான். ஐடியில அந்த அனுமதிப் பேச்சே இல்ல. மிச்சம் இருக்கற இந்த இழப்பீட்டையும் ஒரு கையெழுத்துல பிடுங்கறாங்க.

அந்த ரூமுக்கு உங்களைக் கூப்பிட்டா, "எதுவா இருந்தாலும் மெயில்ல அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து வாங்க. அங்கேயே கையெழுத்துப் போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஏற்கனவே போட்டாச்சா? கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னு அன்னிக்கே உங்க சொந்த மெயில்ல இருந்து கம்பெனிக்கு எழுதுங்க. அப்புறம் தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனு கொடுங்க, தனி ஆளாவே கொடுக்கலாம். நான் அதைச் செய்யல, எனக்கு அப்போ தெரியாது.

மனு எழுதத் தெரியலன்னா இன்பாக்ஸ் வாங்க. நம்ம ஐடி விங்ல வக்கீல் தோழர்கள் இருக்காங்க.

#கையெழுத்துப்போடாதே