ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்! கொரில்லாவைப் பார்க்க இவ்வளவு கட்டணம் ஏன்?

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் மலைக் கொரில்லாவை நேரில் பார்க்க ஒரு நபருக்கு 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். இந்திய மதிப்பில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கும் மேல். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. இவ்வளவு கொடுத்தால் கொரில்லா பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள் தெரியுமா? ஒரே ஒரு மணி நேரம்தான்.

இது பகல் கொள்ளையா, இல்லை இதற்குப் பின்னால் வேறு கணக்கு இருக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

மலைக் கொரில்லா எங்கே இருக்கு?

உலகில் மூன்றே நாடுகளில்தான் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர் ஒரு வாழிடம். உகாண்டாவின் பிவிண்டி காடும் அதை ஒட்டிய பகுதியும் இன்னொன்று. உயிரியல் பூங்காக்களில் நாம் பார்ப்பது வேறு வகை கொரில்லா. மலைக் கொரில்லாவைப் பார்க்கணும்னா காட்டுக்குத்தான் போகணும்.

1980-களின் தொடக்கத்தில் விருங்கா பகுதியில் இருந்தவை சுமார் 250 மட்டுமே. வேட்டை, கண்ணி, காடழிப்பு, பிறகு 1990-களில் ருவாண்டா இனப்படுகொலையும் உள்நாட்டுப் போர்களும். இத்தனையையும் தாண்டி, 2015-16 கணக்கெடுப்பில் அதே விருங்காவில் 604 கொரில்லாக்கள் இருந்தன. பிவிண்டியில் 2018-ல் எடுத்த கணக்கு 459. மொத்தம் 1,063. காட்டில் எண்ணிக்கை கூடி வருவதாக அறியப்பட்ட ஒரே பெருங்குரங்கு இனம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

டிரெக்கிங் எப்படி நடக்கும்?

விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். முந்தைய இரவு கொரில்லாக் குடும்பம் படுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடத்தைப் பிடித்து, கைடுக்குத் தகவல் சொல்வார்கள். பிறகுதான் பயணிகள் ஏறத் தொடங்குவார்கள். அரை மணி நேரத்திலும் பார்த்துவிடலாம், பல மணி நேரம் சேற்றிலும் முட்புதரிலும் ஏறி இறங்கவும் நேரலாம்.

காட்டுக் கொரில்லா மனிதர்களைக் கண்டு மிரளாமல் இருக்கப் பழக்குவதற்கே சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகும். அப்படிப் பழகிய ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்கு மட்டுமே அனுமதி, அதுவும் ஒரே ஒரு முறை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் பணம் கட்டியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டணம் இவ்வளவு ஏன்?

ருவாண்டாவில் 750 டாலராக இருந்த கட்டணம் 2017-ல் ஒரே அடியாக 1,500 ஆனது. உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர்.

கணக்கு எளிது. 8 பேர், தலைக்கு 1,500 என்றால் ஒரு குடும்பத்தை வைத்து ஒரு நாளில் 12,000 டாலர். கூட்டத்தைக் கூட்டினால் கொரில்லாவுக்கு ஆபத்து. அதனால் ஆளைக் குறைத்து விலையை ஏற்றும் வழியை ருவாண்டா எடுத்தது. வனக் காவலர் சம்பளம், ரோந்து, கண்ணி அகற்றுதல், கால்நடை மருத்துவர் இவற்றுக்கெல்லாம் காசு வேணும். அதைச் சுற்றுலா தருகிறது.

இந்த வழி எல்லோருக்கும் பிடித்ததல்ல. ருவாண்டாவில் கொரில்லாக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்கர் டயான் ஃபாஸி சுற்றுலாவைக் கடுமையாக எதிர்த்தவர். 1985 டிசம்பரில் தன் குடிலிலேயே அவர் கொல்லப்பட்டார்.

பார்க்கப் போகிறவரே ஆபத்தா?

ஃபாஸியின் கவலையில் நியாயம் இருக்கிறது. கொரில்லாவின் மரபணு சுமார் 98 சதவீதம் நம்முடையதைப் போன்றது. நமக்கு வரும் சளி அதற்கும் வரும். நமக்கு ரெண்டு நாள் இருமல், அதற்கு உயிரே போகலாம். 2009-ல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தில் சுவாச நோய் பரவி இரண்டு இறந்தன. அவற்றின் உடலில் இருந்தது மனிதர்களைத் தாக்கும் வைரஸ்.

அதனால்தான் முன்பு 7 மீட்டராக இருந்த இடைவெளி கோவிட்டுக்குப் பிறகு 10 மீட்டரானது, மாஸ்க்கும் வந்தது. ஆனால் விதி ஏட்டில், செல்ஃபி கையில். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல் 2019 வரை இன்ஸ்டாகிராமில் வந்த 858 படங்களை ஆராய்ந்தார்கள். 86 சதவீதப் படங்களில் மனிதர்கள் 4 மீட்டருக்குள் நின்றிருந்தார்கள்.

காசு ஊருக்குப் போகிறதா?

ருவாண்டாவில் பூங்கா சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள மக்களுக்கு ஒதுக்கப்படுகிறது. 2017-க்கு முன்பு இது 5 சதவீதம். பள்ளிக்கூடம், சுகாதார மையம், குடிநீர் என்று அது திட்டங்களாகப் போகிறது. சுமை தூக்கும் வேலை, தங்கும் விடுதி வேலை என்று பலருக்குப் பிழைப்பும் இருக்கிறது.

ஆனால் பட்வா மக்களின் கதை வேறு. பிவிண்டி 1991-ல் தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலமும் இல்லை, காடும் இல்லை. அவர்கள் தொடுத்த வழக்கில் 2021-ல்தான் உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னொரு சிக்கல், இடம். கொரில்லா பெருகுகிறது, காடு பெருகவில்லை. நெருக்கடியில் குடும்பங்கள் மோதிக்கொள்ளும்போது குட்டிகள் சாகின்றன. இதனால் தன் பூங்காவை 20 சதவீதத்துக்கு மேல் விரிவாக்கத் திட்டமிடுகிறது ருவாண்டா. அதற்காக இடம்பெயர வேண்டியவர்கள் விளிம்பில் இருக்கும் விவசாயிகள்.

சுற்றுலா நின்றால்?

2020-ல் அதுவும் நடந்தது. கோவிட் காரணமாக டிரெக்கிங் நின்றிருந்த நேரம், பிவிண்டியில் ரஃபிகி என்ற தலைவன் கொரில்லா ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டது. குற்றவாளிக்கு 11 ஆண்டு சிறை. காங்கோவின் விருங்கா பூங்கா இன்னும் மோசம். பல ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட வனக் காவலர்கள் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். கொரில்லாக்கள் வாழும் பகுதியே எம்23 கிளர்ச்சிக் குழுவின் பிடிக்குள் போனது.

ஆக, 1,500 டாலர் அநியாய விலையா என்பதற்குப் பதில் டாலரில் மட்டும் இல்லை. அந்தக் காசில் ஊருக்கு எவ்வளவு போகிறது, போகிறவர் 10 மீட்டர் தள்ளி நிற்கிறாரா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

போகணும்னா கவனிக்க வேண்டியவை

* பெர்மிட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.
* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.
* சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்க வேண்டாம். நீங்கள் மறைக்கும் ஒரு தும்மல் ஒரு குடும்பத்தையே அழிக்கலாம்.
* கொரில்லா தானாக நெருங்கி வந்தால், கைடு சொல்கிறபடி மெல்லப் பின்வாங்குங்கள். செல்ஃபிக்காக முன்னே போகாதீர்கள்.