வாங்காமையும் ஒரு பாடமே

உதவாதனவென்று எறியப்படுவனவற்றுட் பல, மீண்டும் உதவக்கூடியனவே. இதனைப் பதின்ம வயதினர்க்குச் சொல்லால் உணர்த்துதல் அரிது; கைத்தொழிலால் உணர்த்துதல் எளிது.

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடையுள் அகப்பட்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு, அவ்வொளியிற் கற்றோம். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அன்று இல்லாமையே ஆசிரியனாயிற்று. இன்று கடைகள் நிறைந்துள. அப்பாடத்தை இனிப் புகட்டுவார் யார்?

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் பொலித்தீன் உணவுத்தாள் தடைசெய்யப்பட்டது. சட்டம் விற்பனையைத் தடுக்கும். வாங்கும் ஆசையை அடக்குவது கல்வியே.

ஆயினும், வெற்றுப் போத்தலை அலங்கரிக்கப் புதிய வர்ணத்தாளும் பசையும் வாங்குவிக்கும் கைப்பணி, கழிவைப் பெருக்குவதேயாம். பொருட்காட்சி முடிந்த மறுநாள் அதுவும் குப்பையைச் சேரும். வகுப்பில் ஒரு வாரம் சேரும் கழிவை மாணாக்கரே நிறுத்து எழுதுக. ஆண்டிறுதியிற் கொப்பிகளின் எழுதாத் தாள்களைச் சேர்த்துத் தைத்துப் புதுக்கொப்பி ஆக்குக. அறுந்த புத்தகப்பையைத் தாமே செப்பனிடுக. எத்தனை கொப்பி வாங்காது விட்டனர் என்பதற்கே புள்ளி வழங்குக.

பழைய மாணவர்காள்! இவ்விழா ஆண்டிற் பிளாஸ்திக்கு நினைவுச்சின்னங்களை ஒழித்து, அப்பணத்தில் ஊசி, நூல், சுத்தியல், குறடு அடங்கிய பெட்டியொன்றை ஒவ்வொரு வகுப்புக்கும் நல்குமின். அது பல்லாண்டு பயன்தரும்.