ஹீரோ வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

தமிழ் சினிமாவில் ஹீரோவின் நண்பனாகப் பிறப்பதைப் போலப் பாவம் வேறெதுவும் கிடையாது. பைக்கின் பின்னால் உட்கார வேண்டும், காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஹீரோ ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்டா" என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது. தியேட்டரில் முறுக்கு தின்றுகொண்டிருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும், ஆள் காலி என்று :)

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு திரைக்கதையில் இந்த மாதிரி சின்னக் கதாபாத்திரங்களுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, எல்லோருக்கும் முன்கதை வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சிக்கு ஹீரோ, ஹீரோயின், வில்லன் தவிர மற்றவர்கள் எல்லாம் மேஜை நாற்காலி. இரண்டுமே தப்பு.

முதல் கட்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பார்கள். படம் 150 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து சின்னக் கதாபாத்திரங்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிட ஃப்ளாஷ்பேக் கொடுத்தால் 30 நிமிடம் போச்சு. அதாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்கு! முதலில் சொல்ல வந்த கதை எங்கே போய் நிற்பது?

நாவலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி.செல்வராஜ் எழுதி, 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவலில் ஒரு கிளைக்கதை நாலு பக்கம் போனாலும் வாசகர் காத்திருப்பார். அசதியாக இருந்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்குப் படிப்பார். தியேட்டரில் அது முடியுமா?

அப்படியானால் இரண்டாவது கட்சிதான் சரியா? அதுவும் இல்லை. ஆழம் வேறு, நேரம் வேறு. குழப்பமே இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு கொன்றுவிடுகிறார். அவருக்கு ஒரு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய மகன் அஜித்தும் இருப்பது பிறகுதான் தெரிகிறது. அந்தக் குடும்பத்தை வேலு பார்த்துக்கொள்கிறார். படத்தில் அஜித் வரும் நேரம் மிகக் கொஞ்சம். பக்கம் பக்கமாக வசனம் இல்லை. அப்பாவை இழந்த பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் அந்த இழப்பு அவனுக்கே சொந்தமானது, வேலுவின் புகழ் பாடுவதற்காக ஒட்டவைத்தது இல்லை. நீதிமன்றத்தில் விடுதலையாகி வெளியே வரும் வேலுவை அவன் சுடும்போது, இவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டரை மணி நேரப் படத்தை முடித்துவைப்பது ஒரு சின்னக் கதாபாத்திரம்!

'தேவர் மகன்' (1992) இசக்கியும் அப்படித்தான். சக்தி சொன்னான் என்று கோயில் பூட்டைத் திறக்கப்போய், கையைப் பறிகொடுக்கிறான். முடிவெடுத்தவன் ஒருவன், விலை கொடுத்தவன் இன்னொருவன். வடிவேலுவின் அந்த இசக்கிக்குத் தனி ஃப்ளாஷ்பேக் எதுவும் தேவைப்படவில்லை.

வசனம்கூட அவசியம் இல்லை. 'சூது கவ்வும்' (2013) படத்தில் யோக் ஜேப்பி நடித்த பிரம்மா என்கிற போலீஸ் அதிகாரி வாயே திறப்பதில்லை. யாருக்காவது மறந்ததா?

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. ஒரு காட்சியிலிருந்து ஹீரோவை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஆளுக்கு அந்த இடத்தில் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா? இருந்தால் அது கதாபாத்திரம். இல்லாவிட்டால் மேஜைதான். டிக்கெட் கிழித்துவிட்டுப் போகும் கண்டக்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம், அவர் டிக்கெட் கிழித்தால் போதும். ஆனால் கதையைத் திருப்புகிறவர், அல்லது கதைக்காக அடிபடுகிறவர் யாராக இருந்தாலும் தேறியாக வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) படத்தில் நாறிக்கிடக்கும் பொதுக் கழிப்பறையைக் கழுவி, வாசலில் உட்கார்ந்து காசு வாங்க ஆரம்பிக்கும் ஒருவர் வருவார். லிங்கு, கனி கதைக்கு அவரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் படத்தின் பெயரே தெருவைச் சொல்கிறது. தெருவைப் பற்றிய படத்தில் அவரை வெட்டினால் தெருவையே வெட்டிய மாதிரி. ஆக, எவ்வளவு ஆழம் என்பது படம் எதைப் பற்றியது என்பதையும் பொறுத்தது.

இதை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வைத்துப் பார்ப்போம். நாளைக்கே தோல் தொழிலை வைத்து ஒருவர் திரைக்கதை எழுதுகிறார் என்று வையுங்கள். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஹீரோ அப்படி ஒரு அக்காவிடம் நியாயம் பேச வருகிறார். வழக்கமான சினிமாவில் அந்த அக்கா தைப்பதைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு அவரையே பார்ப்பார். நிஜத்தில் கை நிற்காது. நின்றால் அன்றைக்கு ஒரு ஜோடி குறையும், கூலியும் குறையும். அவர் ஊசியைப் பார்த்தபடியே பேசட்டும். ஹீரோ சொல்லும் ஏதோ ஒரு வார்த்தைக்கு மட்டும் ஊசி நிற்கட்டும். மூன்று நிமிட ஃப்ளாஷ்பேக் செய்யாததை அந்த ஒரு நொடி செய்துவிடும்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு பாய்ந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதைப் படமாக எடுத்தால் வரிசையாகப் பத்து வெள்ளைத் துணி, அப்புறம் நேராக ஹீரோவின் சிவந்த கண்களுக்கு ஒரு க்ளோசப். பத்துப் பேர் செத்தது அந்தக் கண் சிவப்பதற்கா? செய்தித்தாளில்தான் எண்ணாகிப் போனார்கள், சினிமாவிலும் எண்ணாகவே போகவேண்டுமா?

ஆளுக்கொரு ஃப்ளாஷ்பேக் யாரும் கேட்கவில்லை. முந்தின ராத்திரியில் ஒரே ஒரு நிமிடம் போதும். கொசு கம்மியாக இருக்கும் மூலையில் யார் படுப்பது என்று அவர்களுக்குள் ஒரு சின்னத் தகராறு, அவர்கள் பாஷையிலேயே. ஒருவன் ஜெயித்து அந்த மூலையில் படுக்கிறான். அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஹீரோவின் கண்ணைக் காட்டவேண்டிய அவசியமே இருக்காது. அந்த மூலையைக் காட்டினால் போதும்.

அடுத்த முறை படம் பார்க்கும்போது, இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும் நேரத்தில் யோசித்துப் பாருங்கள். முதல் பாதியில் செத்துப்போன அந்த நண்பன், ஹீரோ வந்து கூப்பிடுவதற்கு முன்னால் எங்கே போய்க்கொண்டிருந்தான்? பதில் தெரியவில்லை என்றால், அது நடிகரின் தப்பு இல்லை.